ஒரே கடல், இரு கரைச் செய்தி: பாக் நீரிணையில் தொழில் தகராறு வெறுப்புப் பேச்சாக மாறும் வழி

2022 ஜனவரி கடைசி வாரத்தில் யாழ்ப்பாணம் வடமராட்சியின் வத்திராயன் கரையிலிருந்து கடலுக்குப் போன இரண்டு மீனவர்கள் உயிரோடு திரும்பவில்லை. இந்திய விசைப்படகு மோதியதுதான் காரணம் என்று சொல்லி அங்குள்ள மீனவர்கள் சாலை மறியலில் உட்கார்ந்தார்கள். அதே நாட்களில்தான், தன் பிடியில் இருந்த 105 தமிழகப் படகுகளை பிப்ரவரி 7 முதல் 11 வரை காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய இடங்களில் ஏலம் விடப்போவதாக இலங்கை அரசு அறிவித்தது.

ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வாழ்பவருக்கு இதில் இரண்டாவது செய்திதான் செய்தி. ஒரு படகு என்பது பல லட்ச ரூபாய் கடன், ஐந்தாறு குடும்பத்தின் சோறு. வடமராட்சியின் பருத்தித்துறைக்காரருக்கு முதல் செய்திதான் செய்தி. தன் கரையில் நடந்ததை ஒருவர் முதலில் சொல்வது இயற்கை, அதில் தவறு ஒன்றுமில்லை. ஏலச் செய்தியைப் படித்த ராமேஸ்வரத்துக்காரருக்கு வத்திராயன் சாவு தெரியாமலும், சாவுச் செய்தியைப் படித்த வடமராட்சிக்காரருக்கு இங்குள்ள கடன் கணக்கு தெரியாமலும் போனதில்தான் சிக்கல். அந்த இடைவெளியில் பேசக் கிடைப்பது ஆட்களைப் பற்றிய பேச்சு மட்டுமே: துரோகி, கொள்ளையன், காட்டிக்கொடுப்பவன்.

இந்தக் கரையில் வெறுப்புப் பேச்சு வசைச் சொல்லில் தொடங்குவதில்லை என்பதே இந்த ஆய்வின் அடிப்படை. எந்தப் படகு, எந்த இடம், என்ன வலை, எத்தனை பேர் என்ற நான்கு விவரமும் முதல் செய்தியில் விடுபடும்போதே அது தொடங்கிவிடுகிறது. அந்த விவரம் இருந்தால் அது தொழில் தகராறு. இல்லாவிட்டால் இனம், மதம், ஊர் என்று எது கைக்கு அகப்படுகிறதோ அது வெற்றிடத்தை நிரப்பிக்கொள்ளும்.

தகராறின் வேர்

ராமேஸ்வரத்துக்கும் கச்சத்தீவுக்கும் இடையே சுமார் 12 கடல் மைல்தான். 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் எல்லைக்கோடு போட்டு கச்சத்தீவை இலங்கைப் பக்கம் வைத்தது. 1976 கடிதப் பரிமாற்றம் மீன்பிடி உரிமையையும் அடைத்தது. நம் பக்கம், தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் (1983) கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்குகிறது. அதையும், பாறை கிடக்கும் இடங்களையும் கழித்தால் விசைப்படகு மடி (கடலடியோடு இழுத்துப் பிடிக்கும் பெரிய வலை) இழுக்க மிஞ்சும் கடல் மிகக் குறுகல். ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பங்கு பிரித்த பிறகும் இடம் போதவில்லை.

இலங்கையில் போர் நடந்த காலத்தில் வடக்கு மீனவர்களுக்குக் கடல் பெரும்பாலும் அடைபட்டுக் கிடந்தது. 2009க்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுடையது வெளிப்பொறி பூட்டிய சிறிய கண்ணாடியிழைப் படகு. இரவில் செவுள்வலையை விரித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அங்கே றோலர் என்று சொல்லப்படும் நம் விசைப்படகு, கடலடியை அரித்தபடி மடியை இழுத்துக்கொண்டு அந்த வலை மேலேயே போகும். விடிந்து பார்த்தால் வலை இருக்காது. 2017இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி இழுவைமடியையே தடை செய்தது. அதே ஆண்டு இங்கே இழுவைப்படகுகளை விட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாறும் திட்டம் வந்தது. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம், மானியம் 70 சதவீதம். மிச்சப் பணமும் வேறு கடலில் வேறு தொழில் பழகும் சுமையும் பலருக்குத் தாங்கவில்லை.

ஆக இது மடிக்கும் வலைக்கும் உள்ள சண்டை. இரண்டு கரையிலும் தமிழர்கள், பலர் ஒரே அந்தோணியாரைக் கும்பிடுகிறவர்கள். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015இல் மறுபடி சென்னையிலும் மீனவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியபோது, மேசையில் இருந்தது மடியும் வலையும்தான். கைப்பேசித் திரைக்கு வந்ததும் அந்த இரண்டும் காணாமல் போகின்றன.

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்த்தால்

கீழே உள்ளது ஒரு வகைமாதிரி. எந்த ஒரு நாளின் பதிவும் அல்ல. கைது நடந்த இரவு குரூப்புகளில் சுற்றும் குரல் பதிவுகளின் அமைப்பைக் காட்டுவதற்காக இங்கே எழுதப்பட்டது.

"நேத்து ராத்திரி சிங்களவன் நம்ம ஆளுங்கள அடிச்சு இழுத்துட்டுப் போய்ட்டான். யாழ்ப்பாணத்துக்காரனும் கூட நின்னு காட்டிக்குடுத்தான். இனிமே எவனையும் நம்பாதீங்க. எல்லா குரூப்புக்கும் போட்டுவிடுங்க."

நான்கே வாக்கியம். பிடித்தது ஒரு நாட்டின் கடற்படை. முதல் வாக்கியத்தில் அது ஒரு இனமாகிவிட்டது. பக்கத்தில் இரண்டு படகு நின்றிருக்கலாம், வலை அறுந்த கோபத்தில் கூப்பாடு போட்டிருக்கலாம். இரண்டாவது வாக்கியத்தில் அது ஒரு மாவட்டமே செய்த துரோகமாகிவிட்டது. மூன்றாவது தீர்ப்பு. நான்காவது ஏவல். படகு எண் கிடையாது, இடம் கிடையாது, ஆட்களின் எண்ணிக்கை கிடையாது. 'அடிச்சு' என்ற சொல் மட்டும் இருக்கிறது. யார் பார்த்தது என்று இல்லை.

ஏவல் வாக்கியம்தான் ஆபத்தின் முதல் அடையாளம். உண்மையில் உதவி தேடும் செய்தி ஒரு குறிப்பிட்ட ஆளை, சங்கத்தை, அலுவலகத்தைக் கூப்பிடும். எல்லோருக்கும் போடு என்று மட்டும் சொல்லும் செய்தி யாருடைய உதவியையும் கேட்கவில்லை.

அதே இரவின் செய்தி இப்படியும் போகலாம்: "ராத்திரி 11 மணி போல, நெடுந்தீவுக்குத் தெற்கே, ராமேஸ்வரம் விசைப்படகு இரண்டு, ஆள் 12. இலங்கைக் கடற்படை பிடித்திருக்கிறது. பக்கத்தில் தொழில் பார்த்த படகு டிரைவர் சொன்னது. அடிபட்டதா என்று இன்னும் தெரியவில்லை. குடும்பத்தார் சங்க அலுவலகத்துக்கு வரவும்." கோபம் இதில் குறையவில்லை. நடவடிக்கை எடுக்க வேண்டியவர் யார் என்பது தெளிவாகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெறுப்பைத் தவிர்ப்பது என்பது அநியாயத்தை மழுப்புவது அல்ல. 2017 மார்ச் 6 அன்று கச்சத்தீவு அருகே தங்கச்சிமடத்து இளம் மீனவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைச் 'சம்பவம்' என்று எழுதுவது பச்சைப் பொய். சுட்டதாக மீனவர்கள் சொல்வது யாரை, அந்தத் தரப்பு மறுக்கிறதா, காயம் எங்கே, உடன் இருந்தவர் எத்தனை பேர் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். மழுப்பிய செய்தி வந்தால் மக்கள் செய்தித்தாளை விட்டுவிட்டு குரல் பதிவையே நம்புவார்கள். 2024 ஜூன் 25 அன்று நம் படகைப் பிடிக்கும் முயற்சியில் ஒரு இலங்கைக் கடற்படை மாலுமி இறந்தார். ஆகஸ்ட் 1 அன்று கடற்படைக் கலம் மோதி ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். ஐந்தாறு வாரத்துக்குள் இரண்டு சாவு. இரண்டையும் ஒரே முழுமையோடு எழுதிய செய்தியாளரின் மூன்றாவது செய்தியை இரு கரையும் நம்பும்.

பழைய வீடியோ

குரல் பதிவு சுற்றிய அரை மணி நேரத்தில் வீடியோ ஒன்று பின்னால் வரும். பெரும்பாலும் அது அன்றைய வீடியோ அல்ல. கடலில் எடுக்கும் படத்தில் பின்புலம் வெறும் தண்ணீர்தான். அதனால் எந்த ஆண்டின் படத்தையும் எந்த இரவுக்கும் ஒட்டலாம்.

கண்டுபிடிக்கும் வழி படகின் மேலேயே எழுதியிருக்கிறது. ராமேஸ்வரம் விசைப்படகின் கேபின் ஓரத்திலும் முன்பக்கத்திலும் ஐஎன்டி–டிஎன்–10–எம்எம் என்று தொடங்கும் எண் இருக்கும். 10 ராமநாதபுரத்துக்கு உரியது, 08 புதுக்கோட்டைக்கு, 06 நாகப்பட்டினத்துக்கு. புதுக்கோட்டை மாவட்டத்து ஜெகதாப்பட்டினப் படகின் வீடியோவை ராமேஸ்வரப் படகு என்று போட்டால் இந்த ஓர் இலக்கத்திலேயே குட்டு உடையும். இலங்கைச் சிறு படகில் ஓஎஃப்ஆர்பி என்று தொடங்கும் எண்ணின் கடைசியில் ஜேஎஃப்என் என்றால் யாழ்ப்பாணம், எம்என்ஆர் என்றால் மன்னார். வீடியோவை நிறுத்தி, எண் தெளிவாகத் தெரியும் காட்சியைப் படமாக எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் முன்பு வந்த இடம் பல நேரம் அகப்பட்டுவிடும். எண் தெரியும் பகுதியை மட்டும் வெட்டி எறிந்த வீடியோ என்றால் அதையே சந்தேகத்துக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

வேறு மூன்று அடையாளமும் உதவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் வந்த 'நேற்றிரவு விசைப்படகு' வீடியோவைக் கேள்வி கேட்காமல் விடக்கூடாது. ராமேஸ்வரத்துக்காரர் தொழிலுக்குப் போகாத கிழமையா என்று பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றில் வடகடல் புரட்டி எடுக்கும். நவம்பர் இரவென்று சொல்லப்படும் படத்தில் கடல் கண்ணாடிபோலக் கிடந்தால் யோசிக்க வேண்டும். இந்த மூன்றும் கரையில் பிறந்த எவருக்கும் தெரியும். சென்னையிலும் யாழ்ப்பாண நகரிலும் உட்கார்ந்து பகிர்பவருக்குத் தெரியாது. சரிபார்ப்பு கரையிலிருந்தே வர வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பெயர்ப்பட்டியல் பிளக்கும் விதம்

மறுநாள் காலை கைதானவர்களின் பட்டியல் வரும்: பெயர், தந்தை பெயர், வயது, ஊர். இதை அப்படியே வெளியிட்ட சில நிமிடத்தில் கருத்துப் பகுதியில் பெயர்கள் மதவாரியாகப் பிரிந்துவிடும். கிறித்தவப் பெயர் கூடுதலாக இருந்தால் ஒரு பேச்சு. படகு உரிமையாளர் பெயர் இஸ்லாமியப் பெயராக இருந்தால், மீன்பிடிக்கப் போனவர்களே 'கடத்தல்காரர்' ஆகிவிடுவார்கள். ஒரே படகில் மூன்று மதத்து ஆட்களும் நாலைந்து சாதி ஆட்களும் ஒரே சட்டியில் சோறு தின்று தொழில் பார்ப்பது இந்தக் கரையின் அன்றாடம். பட்டியலில் அது தெரியாது.

கடத்தல் வழக்குச் செய்திகளில் நிலைமை இன்னும் மோசம். கடல் அட்டை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது, பிடிப்பதே குற்றம். பீடி இலை, மஞ்சள் எல்லாம் இந்தக் கரை வழியாகப் போய்ப் பிடிபடுகின்றன. செய்தியில் வேண்டியது பொருள், எடை, சட்டப் பிரிவு, பிடித்த துறை. தலைப்பில் ஓர் ஊரின் பெயரையோ பெயரிலேயே மதம் தெரியும் ஒருவரையோ தூக்கி வைத்தால், அடுத்த வாரம் அந்த ஊர்ப் பையன் மதுரையில் வாடகைக்கு வீடு தேடும்போது அதன் விலை தெரியும். முதல் நாள் செய்தியில் எண்ணிக்கை, படகு எண், எந்தத் துறைமுகம் என்பது போதும். பெயர்கள் குடும்பத்துக்கும் சங்கத்துக்கும் நேரே போகட்டும்.

சொல்லை ஊற்றிலேயே மாற்றியது

2020 மார்ச் இறுதியில் கொரோனா அறிக்கைகளில் டெல்லி மாநாடு (தப்லீக் ஜமாத் என்ற இஸ்லாமிய அமைப்பு நடத்தியது) என்று சொல்லப்பட்டபோது, நாடு முழுவதும் 'கொரோனா ஜிகாத்' என்ற பேச்சு பரவியது. இஸ்லாமிய வியாபாரிகளிடம் வாங்காதே என்ற அழைப்புகள் பல மாநிலங்களில் சுற்றின. கீழக்கரை, தொண்டி, பனைக்குளம் மாதிரி இஸ்லாமியர் அதிகம் வாழும் ஊர்கள் நிறைந்த இந்தக் கடற்கரையில் அது என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் தமிழக அறிக்கைகள் 'சிங்கிள் சோர்ஸ்' (ஒரே இடத்திலிருந்து பரவிய தொற்று) என்று சொல்லத் தொடங்கின. நோய்க்கு மதச் சாயம் பூச வேண்டாம் என்று அன்றைய முதல்வரும் கேட்டுக்கொண்டார். தகவலின் உள்ளடக்கம் ஒன்றுதான். தொற்று எங்கிருந்து பரவியது என்று மருத்துவருக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராகப் பயன்படும் சொல் மட்டும் அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது. சில நாள் முன்பே செய்திருக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, அச்சு ஊடகத்திலும் மின்னணு ஊடகத்திலும் பெரும் பிரச்சாரம் நடந்தது என்று பதிவு செய்தது.

கைதுச் செய்திக்கும் இதுவே வழி. அறிக்கை எழுதும் அலுவலர் 'இலங்கைக் கடற்படை' என்று எழுதினால் நாளிதழும் அப்படியே எழுதும், குரூப்பும் பெரும்பாலும் அப்படியே சொல்லும். 'எல்லை தாண்டியதாக' என்பதில் உள்ள 'ஆக' யாருடைய கூற்று என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கடற்படை சொல்கிறதா, நீதிமன்றம் சொன்னதா?

குரூப் அட்மின் முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது

வாட்ஸ்அப்பில் ஐந்து கைக்கு மேல் மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்பு போட்டு 'பலமுறை முன்னனுப்பப்பட்டது' என்று காட்டும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும். ஆனால் ஒருவர் அதைத் தன் போனில் சேமித்துப் புதிதாக ஏற்றினால் அம்பு மறைந்துவிடும். அம்பு இல்லை என்பதால் நம்பலாம் என்று ஆகாது.

பதற்றம் தெரிந்தவுடன் குரூப்பை 'அட்மின் மட்டும்' என்று மாற்றுவது முதல் வேலை. ஆனால் வாயை அடைத்துவிட்டுச் சும்மா இருந்தால், நாலு பேர் புதுக் குரூப் ஆரம்பித்துவிடுவார்கள். அடைத்த கையோடு அட்மின் தன் குரலிலேயே பேச வேண்டும். கரையில் எழுத்தைவிடக் குரல்தான் ஓடும், எழுத்தில் வந்த மறுப்பு குரலில் வந்த வதந்தியைப் பிடிக்காது. "அண்ணே, ரெண்டு படகு பிடிபட்டது நெசம். அடிச்சாங்கன்னு சொல்றத இன்னும் யாரும் பாத்தாகச் சொல்லல. அந்த வீடியோ நம்ம படகு இல்ல, நம்பர் 08ன்னு இருக்கு. சங்கத்துல விசாரிச்சுட்டு ஏழு மணிக்குச் சொல்றேன்." முப்பது விநாடி போதும். எது நிஜம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பொய்யைத் திரும்பச் சொல்லி மறுத்தால் கேட்பவர் காதில் பொய்யே தங்கும். ஏழு மணி என்றால் ஏழு மணிக்குப் பேச வேண்டும், புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும்.

அழிக்கும் முன் சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்தால் நீதிமன்றத்தில் வலுவில்லை. குரல் பதிவை மீடியாவோடு சேர்த்து ஏற்றுமதி செய்து, அனுப்பிய எண், குரூப் பெயர், நேரம் மூன்றையும் குறித்து, அசல் போனை அப்படியே வைத்திருக்க வேண்டும். பாரதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்) கேட்பார்கள். கோப்பைத் திருத்தினாலோ வேறு செயலியில் மாற்றினாலோ அந்த மதிப்பு மாறிவிடும்.

வேறொருவர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் குற்றப் பொறுப்பு வராது என்று பம்பாய் (2021), கேரள (2022) உயர்நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் அதே வழியில் உத்தரவிட்டது. இது தெரியாமல் பயந்து குரூப்பை விட்டு ஓடும் அட்மின்கள் உண்டு. பொறுப்பானவர் விலகினால் குரூப் யார் கைக்குப் போகும் என்று யோசிக்க வேண்டும்.

சட்டம் எதுவரை வரும்

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ இருந்த இடத்தில் இருக்கிறது. மதம், இனம், பிறப்பிடம், வசிப்பிடம், மொழி, சாதி அடிப்படையில் பகை வளர்ப்பதற்கு மூன்றாண்டு வரை சிறை. மின்னணுத் தொடர்பு என்று பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. வதந்திக்கு 353ஆம் பிரிவு. புகார் வராவிட்டாலும் காவல்துறை தானாக வழக்குப் பதிய வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 28 அன்று எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது.

நடைமுறையில் வழக்குப் பதிவாவது எளிது, நடப்பது கடினம். 196இன் கீழ் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். அது வருவதற்குள் கடல் பல முறை தடைக்காலம் கண்டுவிடும். தவிர, குரல் பதிவு அக்கரையில் இருந்து வந்தால் நம் காவல்துறையின் கை எட்டாது. இலங்கையில் 2007ஆம் ஆண்டு ஐசிசிபிஆர் (குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை) சட்டம் இருக்கிறது, 2024இல் நிகழ்நிலைக் காப்பு (இணையப் பாதுகாப்பு) சட்டமும் வந்தது. ஆனால் ஒரு இரவில் பரவும் பேச்சுக்கு இரு நாட்டுச் சட்டமும் சேர்ந்து வேலை செய்வதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. நேரடி வன்முறைக்கான அழைப்பு, ஊரையோ வீட்டையோ குறிவைப்பது, ஆளின் படத்தோடு மிரட்டல் இவற்றுக்குச் சட்டத்தை உடனே நாட வேண்டும். கோபத்தில் திட்டியவர் மேலெல்லாம் வழக்குப் போட்டால், பிடிபட்டவர்களின் வீட்டாரே குற்றவாளிக் கூண்டில் நிற்பார்கள். அது அடுத்த கைதுக்கான வெடிமருந்து.

மிச்சம் இருக்கும் ஓட்டை

இரவு 11க்கும் காலை 7க்கும் இடையே யாரும் அதிகாரபூர்வமாகப் பேசுவதில்லை. கைது நடப்பது அந்த நேரத்தில், வதந்தி ஓடுவதும் அந்த நேரத்தில். மீன்வளத்துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்திடம் கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) வாங்கிய படகுகளின் பட்டியல் இருக்கிறது. காலை 5 மணிக்குள் நான்கு வரி அறிக்கை ஒன்று, 'இதுவரை தெரிந்தது' என்ற தலைப்பில், குரல் வடிவிலும் வந்தால் குரூப்புகளுக்குப் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும். முழு விவரம் கிடைத்த பிறகு பேசலாம் என்று காத்திருப்பதே இப்போது நடக்கும் பிழை.

தமிழகத்தின் தகவல் சரிபார்ப்பகம் சென்னையிலிருந்து இயங்குகிறது. அதற்குக் கரையிலிருந்து படகு எண் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவரின் தொடர்பு வேண்டும். தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் ஜூன் 15, கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழா வாரம், தேர்தல் அறிவித்த நாட்கள் ஆகியவற்றுக்கு முன்பே இந்தத் தொடர்பு தயாராக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரித் திருவிழாவை ராமேஸ்வரத்து மீனவர்கள் புறக்கணித்தபோது, இரு கரையும் ஆண்டுக்கு ஒருமுறை முகம் பார்க்கும் வாய்ப்பும் போயிற்று.

அக்கரைச் சங்கத்திலிருந்து வலை அறுந்த செய்தி வந்தால், இங்குள்ள சங்கம் கேட்க வேண்டியது மூன்று: என்ன நேரம், எந்த இடம், படகு எண் கண்ணில் பட்டதா. எண் கிடைத்தால் உரிமையாளரைக் கூப்பிட்டு விசாரித்து, பதிலைச் செய்தி வந்த போன் எண்ணுக்கே அன்றே அனுப்ப வேண்டும். படகு எண் கிடைக்காவிட்டால் அதையும் சொல்லிவிட வேண்டும், அன்றிரவு கடலுக்குப் போன படகுகளின் பட்டியலை எடுத்து வைத்திருப்பதாக.